நம் தாமானுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?

இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் காலையில் தாமான் புலனக் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கும். வாசல் வரை ஏறிய தண்ணீர், அடைத்துக் கிடக்கும் கால்வாய், சாய்ந்து நிற்கும் மரம். அடுத்த கேள்வியும் எல்லாக் குழுக்களிலும் ஒன்றுதான்: "யாருக்குப் போன் போடுவது?"

ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பார். இன்னொருவர் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தின் எண்ணைப் போடுவார். மூன்றாவதாக ஒருவர், "இது கவுன்சிலர் வேலை" என்பார். அவர் சொல்வதுதான் சரி. ஆனால், அந்தக் கவுன்சிலரின் பெயர் குழுவில் இருக்கும் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் வியப்பில்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாம் வாக்களித்தோம். கவுன்சிலருக்கு யாரும் வாக்களிக்கவில்லை.

நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் ஊராட்சி மன்றம்தான். அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுத்த காலமும் இந்த நாட்டில் இருந்தது. அந்த உரிமை எப்படி வந்தது, எப்படிப் போனது, இன்றைய உறுப்பினர்கள் எப்படி வருகிறார்கள், வாக்கு இல்லாத நிலையிலும் குடியிருப்பாளர்கள் என்ன செய்ய முடியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்றாவது அரசாங்கம்

மலேசியாவில் அரசாங்கம் மூன்று அடுக்காக இயங்குகிறது. மேலே கூட்டரசு, அடுத்தது மாநிலம், அதற்குக் கீழே ஊராட்சி மன்றம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஊராட்சி என்பது மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால்தான் கவுன்சிலர் நியமனங்களை மந்திரி பெசாரோ முதலமைச்சரோ அறிவிக்கிறார். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களின் ஏற்பாடு வேறு.

நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் உள்ளன. பெரிய நகரங்களில் மாநகர் மன்றம், அடுத்த நிலையில் நகராண்மைக் கழகம், சிறு நகரங்களும் கிராமப்புறங்களும் சேர்ந்த பகுதிகளில் மாவட்ட மன்றம். மக்கள் தொகையும் வருமானமும் உயரும்போது ஒரு மன்றம் தரம் உயர்த்தப்படும். பெட்டாலிங் ஜெயா 2006-இல் மாநகரானது. செபராங் பிறை 2019-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. கிள்ளான் நகராண்மைக் கழகம் 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் மன்றமானது.

பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். தாமானுக்குள் இருக்கும் சாலை, கால்வாய், தெருவிளக்கு, பூங்கா, சந்தை, அங்காடிக் கடை, வணிக உரிமம், கட்டட வரைபட அனுமதி, வாகன நிறுத்துமிடம், இடுகாடு, மின்சுடலை என இவையெல்லாம் அதன் பொறுப்பில் வருகின்றன. நாம் பிறந்த நாள் விருந்துக்குக் கூடாரம் போடுவது முதல் கடைசிப் பயணம் போகும் இடம் வரை ஊராட்சி மன்றத்தின் கை இருக்கிறது.

சில விஷயங்களில் மட்டும் பொறுப்பு மாறும். கூட்டரசு சாலையைப் பொதுப்பணி இலாகா பார்க்கிறது. ஆறுகளும் பெரிய வடிகால்களும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கீழ் வருகின்றன. குப்பை விஷயத்தில் ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் 2011 முதல் கூட்டரசின் திடக்கழிவுக் கழகம் பொறுப்பேற்றுள்ளது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்களில் அது இன்னும் ஊராட்சி மன்றத்தின் வேலைதான்.

வாக்களித்த காலம்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் 1857-லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. அன்று வரி செலுத்தும் சிலருக்கு மட்டுமே வாக்குரிமை. 1913-இல் வந்த நகராண்மைச் சட்டத்தோடு அதுவும் நின்றுபோனது. அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், பிரிட்டிஷ் ஆட்சி நியமித்தவர்களே நகர விவகாரங்களை நடத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950-இல் ஊராட்சி மன்றத் தேர்தல் சட்டம் நிறைவேறியது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் ஒன்பது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்று நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, சொந்த வட்டாரத்துக்குச் சொந்தப் பிரதிநிதியை மக்கள் பெற்றுவிட்டார்கள். முதல் பொதுத்தேர்தல் 1955-இல்தான் நடந்தது.

1952 பிப்ரவரி 16-இல் கோலாலம்பூரின் முறை வந்தது. பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என நான்கு வட்டாரங்கள். மொத்தம் 12 இடங்கள். அதுவரை தனித்தனியாக இருந்த அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்துப் போட்டியிட்டு ஒன்பது இடங்களை வென்றன. அந்த உள்ளூர்க் கூட்டுதான் பின்னாளில் ம.இ.கா.வும் சேர்ந்து கூட்டணி என்ற பெயரில் நாட்டை ஆண்டது. கால்வாயும் தெருவிளக்கும் பார்க்கும் ஒரு மன்றத்தின் தேர்தல், இந்நாட்டு அரசியலின் போக்கையே முடிவு செய்தது.

அதே தேர்தலில் நம் சமூகம் மறக்கக் கூடாத இன்னொன்றும் நடந்தது. டத்தோ ஓன் ஜாஃபார் தொடங்கிய மலாயாச் சுதந்திரக் கட்சியின் சார்பில் பங்சார் வட்டாரத்தில் நின்ற தேவகி கிருஷ்ணன் வெற்றி பெற்றார். மலாயாவில் தேர்தல் வழியாகப் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். நாடாளுமன்றம் என்ற ஒன்று இந்நாட்டில் உருவாவதற்கு முன்பே, ஓர் இந்தியப் பெண் மக்கள் வாக்கில் நகராண்மைக் கழகத்துக்குள் நுழைந்திருக்கிறார்.

பினாங்கிலும் அப்படியொரு வரலாறு உண்டு. 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் மேயராக இருந்தவர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். முன்பு ஸ்காட் சாலையாக இருந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் வழிநடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைத் தன் கையில் வைத்திருந்தது. கூட்டரசிலும் மாநிலத்திலும் ஒரு கட்சி ஆள, நகரத்தை வேறொரு கட்சி நடத்திய காலம் அது.

தோட்டத்து வேலிக்கு வெளியே

1952-இல் வந்த உள்ளூர் மன்றச் சட்டம் புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கொண்டுவந்தது. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட மக்கள் தங்கள் ஊர்க் காரியங்களைத் தாங்களே பேசி முடிவெடுக்கக் கற்றுக்கொண்டது அங்குதான்.

ஆனால், அன்றைய இந்தியர்களில் பெரும்பகுதியினர் புதுக்கிராமத்திலோ நகரத்திலோ இல்லை. ரப்பர்த் தோட்ட லயங்களில் இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலை, தண்ணீர், விளக்கு, மருந்தகம் எல்லாமே நிர்வாகத்தின் பொறுப்பு. குறை என்றால் கிராணியிடமோ மேலாளரிடமோதான் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்த உள்ளூர்ப் பிரதிநிதியிடம் கேள்வி கேட்டு வளரும் பழக்கம் தோட்டப்புறத்தில் வேர்விட வாய்ப்பே இருக்கவில்லை.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மக்கள் நகரத்தை நோக்கி வந்தார்கள். வந்து சேர்ந்த நேரத்தில் நகரத்திலும் ஊராட்சித் தேர்தல் இல்லாமல் போயிருந்தது. கவுன்சிலர் யார் என்ற கேள்வி நம்மில் பலருக்கு அந்நியமாகத் தோன்றுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

1965: நிறுத்திவைக்கப்பட்ட தேர்தல்

1963-இல் மலேசியா உருவானதும் இந்தோனேசியாவுடன் மோதல் வெடித்தது. அதைக் காரணமாகக் காட்டி, 1965 மார்ச் முதல் தேதி அவசரகால விதிமுறையின் கீழ் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் மீண்டும் நடக்கும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதியளித்தார். மோதல் 1966-இல் முடிவுக்கு வந்தது. தேர்தல் திரும்பவில்லை.

கோலாலம்பூர் மக்கள் அந்த உரிமையை இன்னும் முன்கூட்டியே இழந்துவிட்டார்கள். 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தால் அந்நகரத்தின் நிர்வாகம் 1961-இல் ஓர் ஆணையரின் கைக்குப் போனது. இன்றும் கோலாலம்பூரில் மற்ற ஊர்களைப் போன்ற கவுன்சிலர்கள் இல்லை. நியமிக்கப்பட்ட டத்தோ பண்டாரும் அவருக்கு ஆலோசனை கூறும் வாரியமும்தான். தேவகி கிருஷ்ணன் வென்ற பங்சார் வட்டாரத்தில் இன்று வாக்களிக்கவும் வழியில்லை. நியமனக் கவுன்சிலரும் இல்லை.

தேர்தல் நிறுத்தப்பட்ட அதே காலத்தில் சில நகர மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965-இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையம் 1968 இறுதியில் தன் அறிக்கையை அரசிடம் தந்தது. குறைபாடுகளைச் சுட்டிக்காட்டிய அதே அறிக்கை, மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பரிந்துரையையும் முன்வைத்தது. ஒரு மன்றம் சரியாக நடக்கவில்லை என்றால் நிர்வாகத்தைத் திருத்த வேண்டும். வாக்குரிமையை எடுத்துவிடுவது அதற்கு மருந்தாகாது என்பதே அதன் சாரம்.

இடையில் 1969 மே கலவரம் நாட்டை உலுக்கியது. அதற்குப் பிறகு வந்த அரசு தேர்தல் பற்றிய அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1973-இல் ஓர் இடைக்காலச் சட்டம் வந்தது. 1976-இல் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171-ஆவது சட்டம், நிறைவேறியது. அதன் 15-ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத் தேர்தல் தொடர்பான எல்லா விதிகளும் செயலிழக்கும் என்று சொல்லிவிட்டது. தற்காலிகமாக நிறுத்தப்பட்டது நிரந்தரமாகிப்போனது.

இன்று உறுப்பினர் எப்படி வருகிறார்?

171-ஆவது சட்டத்தின் 10-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவர் ஒருவரும், 8-க்குக் குறையாத, 24-க்கு மேற்படாத உறுப்பினர்களும் இருப்பார்கள். அனைவரையும் மாநில அரசு நியமிக்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, மறுநியமனம் செய்யலாம். நடைமுறையில் ஓராண்டு, ஈராண்டு என்று குறுகிய காலத்துக்கே பல மாநிலங்கள் நியமனக் கடிதம் தருகின்றன. இடையிலும் நியமனத்தை மீட்டுக்கொள்ளலாம்.

யாரை நியமிக்கலாம்? பெரும்பான்மையினர் அந்த மன்றத்தின் எல்லைக்குள் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி விவகாரங்களில் அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வாணிகத்திலோ சிறந்து விளங்குபவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர் என்று சட்டம் கூறுகிறது. கட்சி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால், மாநிலத்தை ஆளும் கட்சிகள் இடங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதுதான் நீண்டகால வழக்கம். 2008-இல் ஆட்சி மாறிய பிறகு பினாங்கிலும் சிலாங்கூரிலும் சில இடங்கள் அரசு சாரா அமைப்பினருக்குத் தரப்பட்டன.

சில மன்றங்கள் தங்கள் பகுதியை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குகின்றன. பெட்டாலிங் ஜெயாவில் இப்படி 24 மண்டலங்கள் உள்ளன. பார்ப்பதற்கு 1952-ஆம் ஆண்டின் வட்டாரம் போலவே இருக்கும். ஆனால், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வட்டாரத்தின் உறுப்பினர் அந்த வட்டார மக்களின் வாக்கால் வந்தவர். வேலை செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் அதே மக்களிடம் பதில் சொல்ல வேண்டும். மண்டலத்தின் உறுப்பினருக்கு அந்தப் பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்ட வேலை. அவரை நீட்டிப்பதா நீக்குவதா என்பதை முடிவு செய்வது மாநில அரசும் அவருடைய கட்சியும்தான். இரவு பகல் பாராமல் ஓடும் கவுன்சிலர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும்கூட, நல்ல வேலைக்கான மதிப்பெண்ணை மக்களிடமிருந்து பெற முடியாத நிலையில்தான் இருக்கிறார்கள்.

திரும்ப வருமா? இரு தரப்பு வாதம்

தேர்தலை மீண்டும் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2012-இல் ஊராட்சி மன்றத் தேர்தலுக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விவகாரம் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2014 ஆகஸ்டில் நீதிமன்றம் பினாங்கின் கோரிக்கையை நிராகரித்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது, அன்றைய வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் சுரைடா கமாருடின் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணத்தை வெளியிட்டார். இன மோதலுக்கு இடம் தரும் என்று கூறிப் பிரதமர் துன் டாக்டர் மகாதீர் அதை ஏற்க மறுத்தார். அதன் பிறகும் பேச்சு அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் தெளிவானவை. நகரங்களில் இன விகிதம் சமமாக இல்லை. ஓர் இனத்தின் கையில் நகர நிர்வாகம் போய்விடும் என்ற அச்சம் உண்டு. செலவு கூடும். மாநில அரசும் நகர மன்றமும் வெவ்வேறு கட்சிகளிடம் இருந்தால் இழுபறி வரும்.

ஆதரிப்பவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். வரி கட்டுகிறோம், அந்தப் பணத்தைச் செலவிடுபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமா? 1950-களில் நடத்த முடிந்ததை இன்று நடத்த முடியாதா? கட்சி பார்க்காமல் நல்ல வேலைக்காரரை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்களா?

இந்தியச் சமூகத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். இன்றைய நியமன முறையில், பல மன்றங்களில் இந்தியர் ஒருவருக்கோ சிலருக்கோ கட்சி வழியாக இடம் கிடைக்கிறது. தேர்தல் வந்தால் அந்த இடம் தானாகக் கிடைக்காது. நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. அதே சமயம், நகர வட்டாரம் நாடாளுமன்றத் தொகுதியைவிட மிகச் சிறியது. ஈப்போ புந்தோங் போன்று இந்தியர் செறிந்து வாழும் பகுதிகளில் நம் வாக்குக்கு எடை கூடும். நியமன முறை இடத்தைத் தருகிறது. ஆனால் அந்த இடத்தில் அமர்பவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்தல் முறை பதில் சொல்லும் கடமையைத் தரும். ஆனால் இடத்துக்கு உறுதி தராது. ஒரே வட்டாரத்தில் பல இனத்தவரும் நம்பும் வேட்பாளர் என்றால் வெல்ல முடியும் என்பதை 1952 பங்சார் காட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களை வளர்த்திருக்கிறோமா என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வாக்கு இல்லாதபோது கையில் என்ன இருக்கிறது?

தேர்தல் எப்போது வரும் என்று காத்திருந்தால் கால்வாய் சுத்தமாகாது. சட்டம் தந்திருக்கும் சில கதவுகள் இன்றும் திறந்தே இருக்கின்றன. அவற்றை நம்மில் பலர் தட்டுவதில்லை.

முதலாவது, மன்றக் கூட்டம். 171-ஆவது சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் விலக்கு. வழக்கமாக மாதம் ஒரு முறை இக்கூட்டம் நடக்கும். செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் போய் உட்கார்ந்தாலே போதும். நம் மண்டல உறுப்பினர் வருகிறாரா, நம் பகுதிப் பிரச்சினையைப் பேசுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, மதிப்பீட்டு வரி. சுக்காய் பிந்து என்று நாம் அழைக்கும் இந்த வரிதான் மன்றத்தின் முக்கிய வருமானம். பெரும்பாலான மாநிலங்களில் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது ஓராண்டில் அந்த வீடு ஈட்டக்கூடிய வாடகையை, வைத்து இது கணக்கிடப்படுகிறது. ஜொகூரில் வீட்டின் சொத்து மதிப்பே அடிப்படை. ஒரு வீட்டின் மாத வாடகை மதிப்பு 600 ரிங்கிட் என்றால் ஆண்டு மதிப்பு 7,200 ரிங்கிட். வரி விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 360 ரிங்கிட். அரையாண்டுக்கு 180 ரிங்கிட். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம் போட்ட உச்சவரம்பு.

மன்றம் மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது வீட்டு உரிமையாளருக்கு அறிவிப்புக் கடிதம் வரும். மதிப்பு அதிகம் என்று நினைத்தால் எழுத்து வழியாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். கடிதத்தில் குறிப்பிட்ட பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் அது மன்றத்தைச் சேர வேண்டும். மலாய் மொழிக் கடிதம் என்று அலமாரியில் வைத்துவிட்டு, பில் வந்த பிறகு புலம்புவதில் பயனில்லை.

மூன்றாவது, வளர்ச்சித் திட்டங்கள். 172-ஆவது சட்டமான நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு பகுதிக்கான உள்ளூர்த் திட்டத்தின் நகலை மன்றம் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது வழிபாட்டுத் தலத்துக்கு, எது இடுகாட்டுக்கு என்று முடிவாகும் இடம் அதுதான். ஆலய நிலத்துக்குச் சிக்கல் வரும்போது திரண்டு நிற்கும் நாம், அந்த நிலத்தின் பயன்பாடு வரைபடத்தில் எழுதப்படும் நாளில் அங்கே இருப்பதில்லை. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் பக்கத்து நிலத்தில் கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம்.

நான்காவது, உரிமம். அங்காடிக் கடை, பூக்கடை, முடிதிருத்தும் நிலையம், உணவகம் நடத்தும் நம்மவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 171-ஆவது சட்டத்தின் 107-ஆவது பிரிவு, காரணம் சொல்லாமலே உரிமத்தை மீட்டுக்கொள்ளும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தருகிறது. அதனால் உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து வைத்திருப்பதும், காலாவதியாகும் முன் புதுப்பிப்பதும், அறிவிப்பு வந்தால் அன்றே கவுன்சிலரைச் சந்திப்பதும் மிக அவசியம்.

ஐந்தாவது, புகார். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும். மன்றத்தின் புகார் முறையில் பதிந்து எண் வாங்குங்கள். இடம், நாள், படம் மூன்றும் இருக்கட்டும். அதன் நகலை மண்டல உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு என்பதால், அவர் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடமும் அதுதான். கேட்பதற்கு நமக்கு இருக்கும் நேரடி வழி, நாம் வாக்களித்த சட்டமன்ற உறுப்பினர்.

மன்ற உறுப்பினருக்குச் சட்டம் விதித்த கட்டுப்பாடு ஒன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டத்தில் விவாதிக்கப்படும் விஷயத்தில் தமக்குப் பண ஆதாயம் இருந்தால் அதை அவர் வெளிப்படுத்த வேண்டும். அந்த விவாதத்தில் பேசவோ வாக்களிக்கவோ கூடாது. குத்தகை, நில விவகாரம் என்று வரும்போது கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது உதவும்.

ஒரு சிறிய வேலை

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் இணையத்தளத்துக்குப் போய் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். 'அஹ்லி மஜ்லிஸ்' என்ற தலைப்பில் இருக்கும். உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவரின் பெயரையும் எண்ணையும் குறித்து, தாமான் குழுவில் எல்லார் பார்வைக்கும் வையுங்கள். உங்கள் ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் ஆகியவற்றிலும் அது இருக்கட்டும். பிறகு அவரை ஒரு முறை நேரில் அழைத்து உங்கள் தெருவை நடந்து காட்டுங்கள்.

1952-இல் பங்சார் மக்களுக்குத் தங்கள் உறுப்பினர் யார் என்று தெரிந்திருந்தது; அவரை அவர்களே அனுப்பிவைத்தார்கள். இன்று அனுப்பிவைக்கும் உரிமை நம்மிடம் இல்லை. ஆனால், யார் என்று தெரிந்துகொள்ளவும், என்ன செய்தீர்கள் என்று கேட்கவும் எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. அடுத்த மழைக்கு முன் அதைச் செய்துவிடுவோம்.